கேப்டன் சொன்னாலும் தப்பு தப்புதான்!

பைலட் வேலைக்கு இன்டர்வியூ என்றால் என்ன கேட்பார்கள்? ஆகாயத்தைப் பற்றி, இன்ஜினைப் பற்றிக் கேட்பார்கள், அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நான் என் சமையலறையோடு இருந்துவிட்டேன். கடைசியில் என் வளர்ப்பைத்தான் கேட்டார்கள், போங்கள்!

என் பெரிய பெண் 200 மணி நேரம் விமானம் ஓட்டி, கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிறாள். (பிள்ளைகளை இந்தப் படிப்பில் சேர்க்க நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்பே மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண்ணாடி போட்டிருப்பது மட்டுமே ஒரு தடையில்லை. ஆனால் லட்சக்கணக்கில் கட்டிய பிறகு டாக்டர் உதட்டைப் பிதுக்கினால் யாரிடம் போய் அழுவது?) எங்கள் வீட்டுப் பத்திரம் பாங்கில் இருக்கிறது. அதனால் இன்டர்வியூ அவளுக்கு மட்டுமில்லை, எங்கள் எல்லோருக்கும்தான்.

முதலில் போன கம்பெனியில் எழுத்துத் தேர்வு நன்றாகவே செய்தாள். கணக்கில் புலி. 35,000 அடி உயரத்திலிருந்து இறங்க எவ்வளவு தூரத்துக்கு முன்னால் ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டால், ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல், ஆக 105 என்று நான் கடுகு தாளிப்பதற்குள் சொல்லிவிடுவாள். நேர்முகத்தில்தான் சறுக்கினாள். "பக்கத்து சீட்டில் 20 வருஷ அனுபவமுள்ள கேப்டன். தரையிறங்கும்போது வேகம் அதிகம். அவர் கவனிக்கவில்லை. நீ என்ன செய்வாய்?" என்று கேட்டார்களாம். "அவர் அனுபவசாலி, சரி செய்துகொள்வார்" என்றாளாம் இவள். வேலை கிடைக்கவில்லை.

"பெரியவங்க பேசறப்ப குறுக்கே பேசாதேன்னு நீதானேம்மா சொல்லிக் கொடுத்தே!" என்று அழுதாள். எனக்குச் சுருக்கென்றது.

பிறகு அவளே ஒரு சம்பவம் சொன்னாள். 1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவு விமான நிலையம். ஒரே மூடுபனி. ஓடுபாதையில் ஒரு ஜம்போ விமானம் இன்னும் இருக்க, இன்னொரு ஜம்போவின் கேப்டன் புறப்பட ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் பின்னால் இருந்த ஃப்ளைட் இன்ஜினீயருக்குச் சந்தேகம். கேட்டும் விட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொல்லவே, மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. 583 உயிர்கள்! இதற்கும் இதுபோன்ற வேறு விபத்துகளுக்கும் பிறகுதான், சின்னவர்கள் வாய் திறக்கவும் பெரியவர்கள் காது கொடுக்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சியே வைத்தார்களாம்.

எங்கள் வீட்டிலும் வைத்தோம். கூடத்தில் இரண்டு நாற்காலி. இவர்தான் கேப்டன். இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ரசத்தில் உப்பு அதிகம் என்று இவர் சொல்லலாமே தவிர, இவர் கணக்கில் தப்பு என்று இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. மாமியார் பயணி.

முதல் நாள், "அப்பா... வந்து... வேகம் கொஞ்சம்..." என்று இழுத்தாள்.

"எனக்குத் தெரியும், சும்மா இரு!" இவர் நடிக்கவில்லை, நிஜமாகவே அதட்டினார். அவளும் கப்சிப்.

"ஆச்சு, எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சு!" என்றார் மாமியார்.

சத்தம் போடுவதில் விஷயமில்லை என்பது இரண்டு நாளில் எனக்கே புரிந்தது. கண்ணால் பார்த்ததை எண்ணோடு சொல்ல வேண்டும். என்ன செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் இன்னும் தெளிவாகத் திரும்பச் சொல்ல வேண்டும். வேகம் கட்டுக்குள் வரவில்லை என்றால் இறங்காமல் மறுபடி மேலே ஏறிச் சுற்றி வருவதற்கு 'கோ-அரவுண்ட்' என்று பெயர்.

நாலாம் நாள், "கேப்டன், வேகம் 15 நாட் அதிகம். கோ-அரவுண்ட்!" என்றாள். குரலில் நடுக்கமே இல்லை. இவர் முகம் சிவந்து எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். நான் காபியோடு போவதற்குள் தானே திரும்பி வந்து, "இன்னொரு தடவை சொல்லு. இப்ப நான் இன்னும் கோபமா இருக்கேன்னு வச்சுக்கோ" என்றாரே பார்க்கலாம்! (சின்னவள் இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கணக்கு வாத்தியாரிடம் கோ-அரவுண்ட் சொல்லாமல் இருக்க வேண்டும்.)

போன புதன்கிழமை டெல்லியில் வேறொரு கம்பெனி இன்டர்வியூ. முதல் நாள் அவளை ஏர்போர்ட்டில் விடக் காரில் போனோம். கத்திப்பாராவில் இவர் பழக்க தோஷத்தில் கோயம்பேடு பக்கம் திருப்பப் போனார். நான் வாயைத் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து குரல்.

"அப்பா, இது ஏர்போர்ட் வழி இல்லை. நேராப் போங்க."

"எனக்குத் தெரியும்."

"நேராப் போங்கப்பா."

போனார். ரிசல்ட் வர இன்னும் பத்து நாளாகுமாம்.