வளவைப் படம் பிடியுங்கள்

சித்திரை பிறந்த வாரத்தில், இங்கிலாந்தில் வாழும் என் மகள் தன் வீட்டுத் தோட்டத்தின் படங்களை அனுப்பியிருந்தாள். பனிக்காலம் முழுவதும் வெறுந்தரையாகக் கிடந்த இடத்தில் மஞ்சள் நிற டஃபோடில் பூக்கள் மலர்ந்திருந்தன. அங்கே வசந்தம் வந்துவிட்டது. "வாப்பா, நம்மட வளவையும் எடுத்து அனுப்புங்க" என்று ஒரு வரியும் எழுதியிருந்தாள்.

கைத்தொலைபேசியோடு வளவுக்குள் இறங்கினேன். செவ்வரத்தை, காகிதப்பூ, நித்தியகல்யாணி என ஐந்தாறு படங்களை மிக அருகிலிருந்து எடுத்தேன். அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்தபோது எனக்கே வெட்கமாயிருந்தது. அவற்றுள் ஒன்றிலேனும் கிணறு இல்லை. கிடுகு வேலி இல்லை. குசினிக் கழிவுநீரில் வளரும் வாழையும் இல்லை. அந்தப் பூக்கள் உலகின் எந்த ஊரிலும் பூத்திருக்கலாம். செய்திக்குரிய படம் என்றால் அதில் இடம் தெரிய வேண்டும் என்று முப்பது வருடங்களாக இளம் நிருபர்களுக்குச் சொல்லி வந்தவன், சொந்த வீட்டில் இடத்தை மறைத்துவிட்டேன்.

இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் என்று படித்திருக்கிறோம். புத்தளம் கரையோரத்தில் அது வெயிற் காலம். எமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும். சித்திரையில் சில மாலைகளில் இடியோடு கூடிய மழை பெய்தால் அது அதிர்ஷ்டம். ஆயினும் அந்த வெயிலுக்குள்ளேதான் வேம்பு பூத்து முற்றமெங்கும் உதிர்கிறது, மரமுந்திரிகை பழுக்கிறது, முருங்கை காய்க்கிறது.

கரையோர மணலில் வளவு வைப்பது சாதாரண காரியமன்று. மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. அந்த மெல்லிய நன்னீர்ப் படையைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும். ஆகவே எந்தக் கன்று எங்கே நிற்க வேண்டும், எதற்கு எத்தனை வாளி ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் கணக்கு. உம்மா அந்தக் கணக்கை எழுதி வைக்கவில்லை. குளிக்கும் கல்லடியில் வாழை, குசினி வாசலில் கறிவேப்பிலை, வேலியோரம் முருங்கை, பாத்திரம் கழுவும் இடத்தில் பசளி என அவர் வைத்த ஒழுங்கே அந்தக் கணக்கு. பூவை மட்டும் எடுத்த படத்தில் அது விழாது.

இந்நாட்டில் தோட்டங்கள் நெடுங்காலமாகப் படம் பிடிக்கப்பட்டே வந்திருக்கின்றன. புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கெமரூன் 1875 இல் இலங்கைக்குக் குடிவந்தார். தாவரங்களைத் தீட்டும் ஓவியர் மேரியன் நோர்த்தை 1877 இல் தம் களுத்துறை வீட்டில் வைத்துப் படம் எடுத்தார். பின்னர் பேராதனைப் பூங்காவின் பனைவரிசைகள் அஞ்சலட்டைகளில் உலகெங்கும் போயின. எங்கள் கரையின் குடிசை வளவுகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. இன்றும் கமராக்கள் கற்பிட்டிக்கு வருவது டொல்பின்களுக்காக, காற்றாடிச் சறுக்கலுக்காக, காற்றாலைகளுக்காக. மணற்பாதைக்கு இருமருங்கிலும் உள்ள வேலிகளுக்கு அப்பால் அவை பார்ப்பதில்லை.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். பெரிய நட்டம் உண்டு. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டனர். அதன்பின் கொழும்பின் குப்பை, சுமார் 170 கிலோமீற்றர் தாண்டி, எங்கள் ஊருக்கு அருகேயுள்ள அருவக்காட்டுக்கு வந்தது. சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த பழைய குழிகள் அதற்குத் தெரிவு செய்யப்பட்டன. புத்தளத்து மக்கள் 2018 இலும் 2019 இலும் வீதியில் இறங்கியும் பயனில்லை. அவ்விடத்தைத் தெரிந்ததற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் கூறப்பட்டன. ஆனால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இது ஆளற்ற, வறண்ட, எதுவும் முளைக்காத நிலமாகத் தோன்றியதும் ஒரு காரணம் என்பதே என் எண்ணம். ஒரு நிலத்தில் மக்கள் வாழ்கிறார்கள் என்பதற்கு அவர்களின் வளவைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அந்தச் சாட்சியை நாமும் ஒருவருக்கும் காட்டியதில்லை.

இதைவிடக் கசப்பான பாடம் ஒன்றும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள், ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் ஏற்றப்பட்டவர்கள் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினார்கள். எனக்கு அப்போது இருபது வயது. முசலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் தென்னைகளுக்கு இடையே கொட்டில் போட்டுத் தங்கியது. அந்த வீட்டு மாமி, மாலை வேளைகளில் உம்மாவின் பக்கத்தில் அமர்ந்து தன் வளவைப் பற்றியே பேசுவார். கிணற்றுக்கு மேற்கே இரண்டு பலா, வாசலில் மருதோன்றி, பின்னால் தேசி. அந்த வளவின் ஒரு படம்கூட அவரிடம் இருக்கவில்லை. உம்மா எங்கள் முருங்கையில் ஒரு தடி வெட்டிக் கொடுத்தார். அதைக் கொட்டில் வாசலில் நட்டு, ஒரு வருடத்தில் காயும் பறித்தார் மாமி.

போர் 2009 இல் முடிந்தபின் அவர்கள் திரும்பிச் சென்றார்கள். மரிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி போன்ற ஊர்களில் இருபது வருடக் காடு வளர்ந்திருந்தது. 2012 இல் அப்பகுதியின் பெரும் பரப்பு வர்த்தமானி மூலம் ஒதுக்கப்பட்ட வனமாக்கப்பட்டது. 2015 இல் வில்பத்து அழிக்கப்படுகிறது என்ற கூக்குரல் தொலைக்காட்சிகளில் எழுந்தது. காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எந்தத் துண்டு யாருடையது என்று தீர்ப்புச் சொல்லவும் நான் வரவில்லை. ஆனால் தம் வளவு இதுதான் என்று காட்ட, பற்றைக்குள் பாழுங்கிணற்றையும் பழைய தென்னையையும் தேடித் திரிந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். மாமி வாசலில் நின்று எடுத்த ஒரு பழைய படம் இருந்திருந்தால் அது உறுதிப்பத்திரம் ஆகியிராது. ஆனாலும் இங்கே ஒரு வீடு இருந்தது என்று அது சொல்லியிருக்கும்.

வளவைப் படம் எடுத்தால் கண்ணூறு படும் என்பவர்கள் எம் ஊரில் உண்டு. உம்மாவும் காய்த்த மரத்தடியில் புள்ளி குத்திய சட்டியைக் கவிழ்த்து வைத்தவர்தான். அந்த அச்சத்தை நான் பரிகசிக்க மாட்டேன். இல்லாதவன் கண்முன்னே இருப்பதைக் காட்டிப் பெருமையடிக்காதே என்ற பண்பு அதில் இருக்கிறது. அதற்கு உம்மாவிடமே பரிகாரமும் இருந்தது. பார்த்து ஆசைப்பட்டவருக்கு ஒரு கன்றோ, தடியோ, ஒரு பிடி விதையோ கொடுத்தனுப்புவார். பிரித்தானியாவில் 1927 இல் 609 வீட்டுத் தோட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நுழைவதற்கு ஒரு ஷிலிங். சேர்ந்த பணம் ஊர் ஊராகச் சென்று நோயாளரைப் பார்க்கும் தாதியருக்குப் போயிற்று. அத்திட்டம் இன்றும் நடைபெறுகிறது. தோட்டத்தைக் காட்டுவதும் கொடுப்பதும் அங்கேயும் சேர்ந்தே நடந்திருக்கின்றன.

வீட்டுத்தோட்டம் வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு என்று நினைத்தவர்களுக்கு 2022 பதில் சொல்லிவிட்டது. எரிபொருளும் உணவும் தட்டுப்பட்ட அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கப்பட்டது. கன்றும் விதையும் அயலுக்குள் கைமாறியதை அப்போது பலரும் கண்டோம். பஞ்சம் தணிந்ததும் அந்தப் பழக்கத்தையும் விட்டுவிட்டோம். இப்போது பூவின் படம் மட்டும் கைக்குக் கை போகிறது, விதை போவதில்லை.

ஆகவே வாசகர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். படலையில் நின்று முழு வளவும் தெரிய ஒரு படம் எடுங்கள். கிணறும் வேலியும், அந்த மரங்களை வைத்தவரும் அதில் இருக்கட்டும். அதே இடத்தில் நின்று கார்த்திகையில் இன்னொன்று எடுங்கள். அக்காலத்தில் பத்திரிகைக் காரியாலயத்தில் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் யார், எங்கே, எப்போது என்று பென்சிலால் எழுதுவோம். அவ்வாறே ஒரு பிரதி அச்சிட்டு, ஊரும் திகதியும் மரங்களின் பெயரும் எழுதி, காணி உறுதியோடு வையுங்கள். தொலைபேசி பழுதானால் அதிலுள்ள படங்களும் போய்விடும்.

நான் மறுநாட் காலை மீண்டும் இறங்கிப் படலையிலிருந்து எடுத்து அனுப்பினேன். வாடிய வாழையிலை, சருகுக் குவியல், உவர் படிந்த கிணற்றுக் கட்டு எல்லாம் அதில் இருந்தன. டஃபோடில் பூக்களைப் பற்றி மகள் ஒன்றும் பேசவில்லை. வேலியோரத்து முருங்கை இன்னும் நிற்கிறதா என்றுதான் கேட்டாள். நிற்கிறது என்று எழுதினேன். அடுத்த முறை வரும்போது அவளுக்கு ஒரு பிடி முருங்கை விதை எடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் குளிரில் அது முளைக்குமோ தெரியாது. கொடுக்க வேண்டியது என் கடமை.