ஒன்றரை மணிக்குப் பிறகு நம் பிள்ளைகள் எங்கே?



பாடசாலை நேரத்தைக் கூட்டுவது பற்றி எமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் மறுபடியும் கதை தொடங்கியிருக்கிறது. "வேலைக்குப் போற உம்மாமாருக்கு உதவியா நாலு மணி வரைக்கும் ஸ்கூல வைங்க" என்கிறார்கள் ஒரு சாரார். "டீச்சர்மார் என்ன ஆயாக்களா?" என்று கேட்கிறார்கள் மறு சாரார். நான் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் ஆசிரியை. வேலைக்குப் போகும் உம்மாவும்தான். இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பதிவு நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடவேளைகளை நீட்டக் கூடாது. ஆனால் வீட்டில் ஆளில்லாத சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் 4.30 வரை பாதுகாப்பான ஓர் இடம் ஊருக்குள் கட்டாயம் வேண்டும். படிப்பு நேரம் வேறு, பராமரிப்பு நேரம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் உம்மாமாரும் டீச்சர்மாரும் வீணாகச் சண்டை பிடிக்கிறோம்.

முதலில் மணிக்கூட்டைப் பார்ப்போம். அரச பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடுகிறது. தரம் 1, தரம் 2 பிள்ளைகள் அதற்கும் முன்பே வெளியே வந்துவிடுகிறார்கள். அரச அலுவலகம் மாலை 4.15 வரை. கடை, தனியார் நிறுவனம், கார்மண்ட் என்றால் ஐந்து, ஆறு மணி. அதற்குப் பிறகு பஸ் பிடித்து வீட்டுக்கு வர வேண்டும். அதாவது ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று மணித்தியாலம் பிள்ளை வெளியே, உம்மா வேலையில், வாப்பாவும் வேலையில்.

இந்த இடைவெளியை 2 மணிக்குப் பாடசாலை விடுவதால் நிரப்ப முடியாது. 2026 ஜனவரியிலிருந்து பாடசாலையை 2 மணி வரை நடத்தப் போவதாக 2025இல் கல்வி அமைச்சு அறிவித்தது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. டித்வா புயலுக்குப் பிறகு, 2026இலும் வழமைபோல 1.30 வரைதான் என்று முடிவானது. அந்த அரை மணித்தியாலம் கேட்கப்பட்டது புதிய கல்விச் சீர்திருத்தத்தின்படி ஒரு பாடவேளையை 50 நிமிடமாக்குவதற்காக. உம்மாவின் வேலை நேரம் அந்தக் கணக்கில் இருக்கவில்லை. 1.30க்கு விட்டாலும் 2 மணிக்கு விட்டாலும் 4.15க்கு எழும்பும் தாய்க்கு ஒன்றுதான்.

சரி, அந்த மூன்று மணித்தியாலம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்?

எமது கிழக்கில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. வீடு பெண் பிள்ளைக்கு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஒரே வளவுக்குள் உம்மா வீடு, பக்கத்தில் ராத்தா வீடு, பின்னால் தங்கச்சி வீடு. பாடசாலை விட்டு வரும் பிள்ளைக்கு எந்த வீட்டு வாசலில் ஏறினாலும் சோறு கிடைக்கும். உம்மம்மா இருப்பா, சாச்சி இருப்பா. பிள்ளை பார்ப்பதற்கென்று தனியாக ஓர் இடம் நமக்குத் தேவைப்படவே இல்லை.

இப்போது வளவு முடிந்துவிட்டது. மூன்றாவது மகளுக்குப் பிரித்துக் கொடுக்கக் காணி இல்லை. தூரத்தில் காணி வாங்கி வீடு கட்டிக் கொடுக்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்துக் குடும்பங்கள் பல வீட்டுத் திட்டங்களுக்குப் போய்விட்டன. உம்மம்மா ஒரு பக்கம், பேரப்பிள்ளைகள் ஒரு பக்கம். பக்கத்திலேயே இருக்கும் உம்மம்மாவுக்கும் சீனி வருத்தம், முழங்கால் வலி. ஓடித் திரியும் ஏழு வயதுப் பொடியனை அவவால் பிடித்து வைக்க ஏலாது.

உம்மம்மா இல்லாத வீட்டில் அந்த வேலை ராத்தாவின் தலையில் விழுகிறது. இதை நாம் கவனிப்பதே இல்லை. தரம் 8, தரம் 9 படிக்கும் பெண் பிள்ளை வீட்டுக்கு வந்து, தம்பிக்குச் சோறு போட்டு, தங்கச்சியைக் குளிப்பாட்டி, அவர்களை மத்ரஸாவுக்கு அனுப்பிவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுகிறாள். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் பாடசாலைக்கு வராமல் வீட்டில் நிற்பது அவள்தான். உம்மா லீவு எடுத்தால் சம்பளம் வெட்டுவார்கள். பிறகு அந்தப் பிள்ளை சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையவில்லை என்றால் "கவனமில்லை" என்று நாமே சொல்கிறோம்.

இன்னும் சிலர் டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். தரம் 3 பிள்ளைக்கு எதற்கு வாரத்தில் நாலு நாள் டியூஷன் என்று ஒரு தாயிடம் கேட்டேன். "படிக்கட்டும் என்று இல்ல டீச்சர், நான் வாறவரைக்கும் ஒரு இடத்துல இருக்கட்டும் என்றுதான்" என்றார். புலமைப்பரிசில் மோகம் என்று நாம் திட்டுகிற டியூஷனில் ஒரு பகுதி உண்மையில் காசு கொடுத்து வாங்குகிற பிள்ளைக் காவல். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்ட பிள்ளை, பகல் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மறுபடியும் வாங்கில் இருக்கிறது.

மிச்சமிருப்பவர்கள் பூட்டிய வீட்டுக்குள் தொலைபேசியோடு, அல்லது தெருவில், கடற்கரையில், ஆற்றோரத்தில். ஆறாம் ஏழாம் தரத்தில் அப்படித் தனியாகத் திரியப் பழகிய பொடியனை யார் முதலில் கூட்டாளியாக்கிக் கொள்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. போதைப்பொருளுக்கு எதிராக ஜும்ஆவுக்குப் பிறகு ஊர்வலம் போகிறோம். நல்ல விடயம். ஆனால் பகல் இரண்டு மணிக்கு அந்தப் பொடியன் எங்கே நின்றான் என்று கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை.

"பெண்கள் வேலைக்குப் போவதால்தானே இந்தப் பிரச்சினை" என்று சிலர் எழுதுகிறார்கள். 2022க்குப் பிறகு அரிசி, பால்மா, கரண்ட் பில் எல்லாம் எங்கே போய் நிற்கின்றன என்று அவர்களுக்கும் தெரியும். ஒரு சம்பளத்தில் ஓடிய குடும்பம் இப்போது இரண்டு சம்பளத்திலும் தள்ளாடுகிறது. கணவனை இழந்தவர்கள், தலாக் ஆனவர்கள், கணவன் கட்டாரில் இருந்தும் காசு ஒழுங்காக வராதவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! நாடளாவிய ரீதியில் பார்த்தாலும், 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மூன்றில் ஒருவர் அளவில்தான் உழைப்புச் சந்தையில் இருக்கிறார்கள். ஆண்களில் மூன்றில் இருவர். படித்துப் பட்டம் பெற்றும் வீட்டில் இருக்கும் நம் பெண்களில் பலர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "புள்ளயப் பார்க்க ஆளில்ல." பிள்ளையைப் பார்க்க வசதி இல்லாததால் இங்கே வேலை செய்ய முடியாத தாய், கடைசியில் பிள்ளையை விட்டுவிட்டு இரண்டு வருடம் வெளிநாட்டுக்குப் போகிறாள். அது நடக்கும்போது ஒருவரும் வட்ஸ்அப்பில் எழுதுவதில்லை.

அப்படியென்றால் பாடசாலையை நாலு மணி வரை நடத்தினால் என்ன? ஒரு ஆசிரியையாகச் சொல்கிறேன், சரிவராது.

ஒன்று, பிள்ளையால் ஏலாது. 12 மணிக்குப் பிறகு தரம் 2 வகுப்பில் நின்று பாருங்கள். பசி, வெக்கை, நித்திரை. அந்த நேரத்தில் படிப்பிப்பது சுவருக்குப் படிப்பிப்பது போலத்தான். இரண்டாவது, நாட்டில் அரச பாடசாலை ஆசிரியர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களுக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு. உங்கள் பிள்ளையை நாலு மணி வரை நான் பார்த்தால் என் பிள்ளையை யார் பார்ப்பது? தூர ஊர்களிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஆசிரியைகள் மஃரிபுக்குத்தான் வீடு போய்ச் சேருவார்கள். மூன்றாவது, எல்லாப் பிள்ளைக்கும் இது தேவையில்லை. உம்மா வீட்டில் இருக்கிற பிள்ளையை ஏன் நாலு மணி வரை கட்டி வைக்க வேண்டும்? நான்காவது, அஸருக்குப் பிறகு பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போக வேண்டும். நாலு மணி வரை பாடம் நடத்தினால் ஓதுவதற்கு வரும் பிள்ளை தூங்கி வழியும்.

ஆகவே நான் கேட்பது வேறு. பாடசாலை 1.30க்கே விடட்டும். ஆசிரியர்கள் வீட்டுக்குப் போகட்டும். தேவையுள்ள ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் மட்டும், பெற்றோர் விரும்பிப் பதிந்தவர்கள் மட்டும், 4.30 வரை ஓரிடத்தில் இருக்கட்டும். வந்ததும் முகம் கழுவிச் சாப்பாடு. லுஹர் தொழுகை. ஒரு மணித்தியாலம் பாய் விரித்துப் படுக்கலாம். பிறகு வீட்டுப் பாடம், விளையாட்டு, கதைப் புத்தகம். அங்கே டியூஷன் கூடவே கூடாது. அதை அனுமதித்தால் ஆறு மாதத்தில் அதுவும் இன்னொரு புலமைப்பரிசில் வகுப்பாகிவிடும்.

இடம்? வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி கிடைத்தால் பாடசாலை மண்டபம். கிடைக்காவிட்டால் பள்ளிவாசலோடு சேர்ந்த மத்ரஸாக் கட்டடம். பகல் முழுவதும் பூட்டிக் கிடந்து அஸருக்குப் பிறகுதான் பல ஊர்களில் அது திறக்கிறது. மலசலகூடம் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, சுற்றுமதில் இருக்கிறது. எல்லாம் நாம் கொடுத்த காசில் கட்டியது.

ஆட்கள்? முன்பள்ளிப் பயிற்சி முடித்து வேலையில்லாமல் இருக்கும் பெண் பிள்ளைகள் ஊரில் தாராளமாக இருக்கிறார்கள்.

காசு? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 பிள்ளைகள், பார்த்துக்கொள்ள மூன்று பேர். 2026இல் நாட்டின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அரை நாள் வேலைதான் என்றாலும் முழுச் சம்பளமே கொடுப்போம் என்று வையுங்கள். மாதம் 90,000 ரூபா. 30ஆல் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு 3,000 ரூபா. பகல் சாப்பாட்டை உம்மா காலையில் கட்டிக் கொடுத்துவிடலாம். பாடத்துக்குப் பாடம் டியூஷனுக்குக் கொடுக்கும் காசோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த 3,000மும் கொடுக்க முடியாத ஏழை, அநாதைப் பிள்ளைகளுக்கு ஸகாத் நிதியிலிருந்து கொடுக்க முடியுமா என்று உலமாக்கள் வழிகாட்டட்டும். ஸதகா கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. பழைய மாணவர் சங்கங்கள் வருடா வருடம் கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்தால் போதும்.

பாதுகாப்பு பற்றிக் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். எனக்கும் பயம் அதுதான். அதனால் சில விதிகளில் விட்டுக்கொடுப்பே இருக்கக் கூடாது. எந்த நேரமும் பெரியவர்கள் இரண்டு பேராவது சேர்ந்து இருக்க வேண்டும். தனியறையில் பிள்ளையோடு ஒருவர் மட்டும் இருக்கக் கூடாது. வரவும் போவதும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். பெற்றோர் எழுதிக் கொடுத்த ஆளிடம் மட்டுமே பிள்ளையை ஒப்படைக்க வேண்டும். "நான் அவங்கட மாமா" என்று யார் வந்தாலும் பெயர் இல்லையென்றால் இல்லைதான். பெற்றோரில் இருவர், பெண்கள், எந்த நேரத்திலும் சொல்லாமல் வந்து பார்க்கும் உரிமையோடு மேற்பார்வைக் குழுவில் இருக்க வேண்டும். யாராவது பிள்ளைக்குத் தீங்கு செய்தால் "ஊர் மானம்" என்று பள்ளிவாசலுக்குள் பேசி முடிக்காமல் பொலிஸுக்கும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் போக வேண்டும். இதற்கு உடன்படாத நிர்வாகம் என்றால் தொடங்காமலே இருப்பது நல்லது.

இன்னொன்றையும் சேர்த்து யோசியுங்கள். நமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதம் விடுமுறை. அலுவலகத்துக்கும் கார்மண்டுக்கும் விடுமுறை இல்லை. அந்த ஒரு மாதம் முழு நாளும் பிள்ளை எங்கே இருக்கும் என்று தெரியாமல் தவிக்கும் தாய்மாரை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். இந்த ஏற்பாடு இருந்தால் ரமழானில் காலையிலிருந்தே நடத்தலாம்.

இது நடக்காத கனவு அல்ல. ஜேர்மனியில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் படிப்பும் பராமரிப்பும் சேர்ந்து கிடைப்பதைச் சட்ட உரிமையாக்கியிருக்கிறார்கள். 2026 ஆகஸ்ட்டில் முதலாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. தென்கொரியா 2024இல் இதுபோன்ற திட்டத்தைப் பாடசாலைகளுக்குள் கொண்டுவந்தபோது அங்கேயும் ஆசிரியர்கள் "எங்கள் தலையில் கட்டாதீர்கள்" என்றுதான் சொன்னார்கள். நமக்கு அவர்களுடைய காசு இல்லை. ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: கூப்பிடு தூரத்தில் ஒரு பள்ளிவாசல், அதற்கு ஒரு நம்பிக்கையாளர் சபை, ஒருவரையொருவர் தெரிந்த ஊர்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதையும் கேட்போம். பாடசாலை விட்ட பிறகு கட்டடத்தைப் பராமரிப்புக்குப் பயன்படுத்தத் தெளிவான சுற்றுநிரூபம் வேண்டும். பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சியும் பொலிஸ் சான்றிதழும் வேண்டும். ஆனால் சுற்றுநிரூபம் வரும்வரை காத்திருந்தால் இப்போது தரம் 2இல் இருக்கும் பிள்ளை சாதாரண தரம் எழுதிவிடும்.

அதனால் ஒரு சின்ன வேலையோடு தொடங்கலாம். முதலில் எண்ணிப் பார்ப்போம். ஆரம்பப் பிரிவு வகுப்பாசிரியர்களே, உங்கள் வகுப்பில் பாடசாலை விட்டு வீடு போகும்போது பெரியவர் ஒருவர்கூட இல்லாத வீடு எத்தனை பிள்ளைக்கு என்று இந்த வாரம் கேட்டு எழுதுங்கள். பிள்ளையை வகுப்பில் எழுப்பிக் கேட்க வேண்டாம், அது வெட்கப்படும். பெற்றோரிடம் தனியாகக் கேளுங்கள். என் வகுப்புக் கணக்கை நான் எடுக்கத் தொடங்கிவிட்டேன். எல்லா வகுப்புக் கணக்கும் சேர்ந்ததும் அந்த எண்ணிக்கையோடு அதிபரிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் போவோம். பத்துப் பிள்ளை என்றால் பத்துப் பிள்ளைக்கு ஏற்றபடி, ஐம்பது என்றால் ஐம்பதுக்கு ஏற்றபடி யோசிக்கலாம்.

உங்கள் கருத்தை எழுதுங்கள். எதிர்ப்பவர்களும் எழுதுங்கள், ஆனால் எதிர்க்கும்போது அந்த மூன்று மணித்தியாலத்துக்கு உங்கள் யோசனை என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்தத் தேவையுள்ள தாய்மார் இங்கே பகிரங்கமாக எழுத விரும்பாவிட்டால் என் உள்பெட்டிக்கு அனுப்புங்கள். உங்கள் பெயர் வெளியே வராது.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.

வஸ்ஸலாம்.