கண்டதை எழுதியவர்

அயல்நாட்டுப் பொருளாதாரத்தைப் பற்றி எழுதும் செய்தியாளர்க்கு அரசாங்கக் கணக்குகள் மட்டும் போதா. நேரிற் சென்று காணும் துணிவும் வேண்டும். இதற்குக் கேரத் ஜோன்ஸ் என்பவரின் வாழ்க்கை சான்றாகும்.

வேல்ஸ் நாட்டில் 1905-இல் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் உருசிய மொழி பயின்றவர். 1933-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முதல் ஐந்தாண்டுத் திட்டம் நான்கே ஆண்டுகளில் நிறைவேறிற்று எனச் சோவியத்து அரசு பறைசாற்றியது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் ஜோன்ஸ் உக்ரேனுக்குச் சென்றார். இடைவழியில் புகைவண்டியினின்று இறங்கி, ஊரூராக நடந்தார். தானியம் அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருக்க, அதனை விளைத்த உழவரோ பசியால் மடிந்துகொண்டிருந்தனர். கண்டதை அவர் பெர்லின் நகரில் உலகறியக் கூறினார். புலிட்சர் பரிசு பெற்ற நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் வால்டர் டுராண்டி அதனை மறுத்து எழுதினார். ஜோன்ஸ் மீண்டும் சோவியத்து நாட்டிற்குள் புகாதவாறு தடை விதிக்கப்பட்டது. 1935-இல் உள்மங்கோலியப் பகுதியில் கொள்ளையர் அவரைக் கொன்றனர். அப்போது அவர்க்கு முப்பது வயதும் நிரம்பவில்லை. அப்பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டது உண்மையே எனப் பிற்கால வரலாறு காட்டிற்று.

விளைந்த தானியம் எவ்வளவு என்பதைக் கணக்கு கூறும். அதனை உண்டவர் யார், உண்ணாது மாண்டவர் யார் என்பதைக் கூறாது. அதனைக் கண்டு கூறுதலே செய்தியாளரின் கடனாகும்.