பட்டினி போட்டு வாங்கும் முட்டை

எழுபது, எண்பது வாரம் தாண்டிய முட்டைக்கோழியின் கணக்கு மாறத் தொடங்கிவிடும். முட்டை குறையும்; இடுகிற முட்டை பெரிதாக இருந்தாலும் ஓடு மெலிந்து, அட்டையில் அடுக்கும்போதே விரிசல் விடும். தீவனச் செலவு மட்டும் குறையாது. அப்போது ஒன்று கறிக்கு விற்க வேண்டும், இல்லையென்றால் இறகு உதிரச் செய்து மறுபடியும் முட்டைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவதற்குக் கூண்டுப் பண்ணைகள் கண்டுபிடித்த குறுக்குவழி பட்டினி. பத்துப் பதினான்கு நாள் தீவனத்தை அடியோடு நிறுத்தி, வெளிச்சத்தையும் குறைத்து, கோழியின் எடையில் கால் பங்குக்கு மேல் கரைய விடுகிறார்கள். செண்பகத்தோப்பு அடிவாரத்துத் தோப்புகளிலும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் கொல்லைப்புறங்களிலும் கோழி வளர்ப்போர் இந்த வழியைத் திரும்பியும் பார்க்கக் கூடாது.

முதலில், இது குற்றம். அப்போது சென்னையில் இயங்கிய இந்தியப் பிராணிகள் நல வாரியம், பட்டினி போட்டு இறகு உதிர்ப்பதை உடனே நிறுத்தும்படி 2011-லேயே பண்ணைகளுக்கு உத்தரவிட்டது. வளர்க்கும் உயிருக்குப் போதிய தீவனம் தராதது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது. ஆனால் அந்தத் தண்டனை என்ன தெரியுமா? முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஒரு டஜன் முட்டைகூட வாங்க முடியாத தொகை. இப்படி ஒரு சட்டத்துக்கு யார் பயப்படுவார்கள்?

கோழியின் வாதையோடு இது முடிவதில்லை. பட்டினி கிடக்கும் கோழிக்கு எதிர்ப்புச் சக்தி சரிகிறது. குடலில் சால்மோனெல்லா கிருமி பெருகுகிறது. அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் உறுதிப்படுத்திய உண்மை இது. இந்தக் கிருமியில் ஒரு வகை சினைப்பையிலேயே தங்கி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடும். மேலே கழுவிப் பயனில்லை. நன்றாக வேகவைத்தால் சாகும். நம் ஊரில் எல்லா முட்டையும் வெந்தா வாய்க்குப் போகிறது? ஹாஃப் பாயில் இல்லாத புரோட்டாக் கடை இல்லை. வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம் தென்மாவட்டங்களில் இன்றும் இருக்கிறது.

இறகு உதிர்வது நோயல்ல. முட்டையை நிறுத்தி, சினைப்பையைச் சுருக்கி, உடம்பைப் புதுப்பிக்கக் கோழி எடுத்துக்கொள்ளும் ஓய்வு அது. குளிர்நாடுகளில் பகல் குறுகும்போது கோழிகள் ஏறக்குறைய ஒன்றாக உதிர்க்கும். இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரம்தான். அதனால் ஒன்று இன்றைக்கு உதிர்க்கும், இன்னொன்று இரண்டு மாதம் கழித்து உதிர்க்கும். சீக்கு என்று நினைத்து மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். இறகு பெரும்பகுதி புரதமே. புற்றுக்கரையான், கருவாட்டுத் தூள், அசோலா, பருப்புக் குருணை என்று புரதம் சேர்த்துக் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இறகில்லாத கோழி நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளிஞ்சல் தூளை மறுபடி முட்டையிடத் தொடங்கும்போது கூட்டினால் போதும்.

கூட்டமாக உதிர வைத்தே ஆக வேண்டிய பண்ணைக்கும் பட்டினி தேவையில்லை. கோதுமைத் தவிடு மிகுந்த, சத்துக் குறைந்த தீவனத்தை வயிறாரக் கொடுத்தே கோழிகளை உதிரச் செய்யலாம் என்று இல்லினாய் பல்கலைக்கழகம் செய்து காட்டிவிட்டது. அமெரிக்க முட்டை உற்பத்தியாளர் கூட்டமைப்பு 2006 முதல் தன் தரவிதியில் பட்டினி முறையை விலக்கிவிட்டது. தண்ணீரை மட்டும் எந்தக் காலத்திலும், எந்த முறையிலும் நிறுத்தக் கூடாது.

மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் விலையேறும்போதெல்லாம் பண்ணையாளருக்குச் சபலம் வரும். அவருடைய நெருக்கடி பொய்யல்ல. அதனால்தான் அரசு முன்னே வர வேண்டும். 2010 முதல் சத்துணவுப் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து முட்டை கொடுக்கும் அரசு, தமிழகத்தில் முட்டை வாங்கும் மிகப் பெரிய அமைப்புகளில் ஒன்று. பட்டினி போட்ட பண்ணையின் முட்டையை வாங்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால், ஐம்பது ரூபாய் அபராதம் சாதிக்காததை அந்த வரி சாதிக்கும். பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு ஊர் ஊராக வரும் கால்நடைத் துறையினர், வயதான கோழியை எப்படிப் பராமரிப்பது என்பதையும் அதே இடத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அடுத்த ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் அந்த விதியை அரசு எழுத வேண்டும்.