நெஞ்சொடு கிளத்தலும் கைப்பேசிச் செயலியும்

மாணாக்கர் உளநலம் பேணுதற்கெனக் கைப்பேசிச் செயலிகள் பல இன்று வந்துள்ளன. அன்றாட மனநிலையைக் குறித்துவைக்க ஒன்று, மூச்சுப் பயிற்சிக்கு ஒன்று, உறக்கத்திற்கு ஒன்று, தோழன்போல் உரையாட ஒன்று என அவை பலவகைப்படும். இவற்றைத் தரவிறக்கம் செய்துகொள்க எனச் சுற்றறிக்கை விடுத்து, அதன் படியொன்றை நாக் குழுவின் பார்வைக்கெனக் கோப்பிலும் சேர்த்துவிட்டால் கல்லூரியின் கடமை முடிந்தது என்னும் எண்ணம் பரவி வருகின்றது. இவ்வெண்ணத்தை நாம் ஏற்பதற்கில்லை.

செயலியைப் பழிப்பது நம் நோக்கமன்று. நள்ளிரவில் விடுதி அறையில் உறக்கமின்றித் தவிக்கும் மாணவன் யாரை எழுப்புவான்? குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவன் அவன். தந்தை வளைகுடா நாட்டில் உழைக்கின்றார். தேர்வில் தோற்ற செய்தியைத் தாயிடம் சொல்ல நா எழவில்லை. 'பைத்தியம்' என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சியே மருத்துவரை நாடாதோர் நம் ஊர்களில் பலர். முகம் காட்டாமல் மனத்தைத் திறக்க ஓரிடம் கிடைப்பது அவனுக்குப் பேறுதான். மாணவியர்க்கோ இன்னும் கூடுதலாக. அச்சந்தரும் எண்ணத்தை எழுதிப் பார்த்து அதன் மெய்ம்மையை ஆராய்தல் முதலியன உளவியலார் நெடுநாளாகக் கையாளும் முறைகளே. அவற்றைச் செயலி கற்றுத்தருமாயின் கற்கலாம்.

நிற்க. கேட்பது வேறு, கேட்பதுபோல் தோன்றுவது வேறு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 1966-இல் 'எலிசா' என்னும் கணினி நிரலைப் பற்றி எழுதினார். நாம் தட்டச்சிடும் சொற்களையே திருப்பி வினாவாக்கித் தருவது அது. அதற்கு மேல் ஒன்றும் அறியாது. அவர் அந்நிரலை உருவாக்கியதை மாதக்கணக்கில் உடனிருந்து கண்ட அவருடைய செயலாளர் அம்மையாரே, சிறிது நேரம் அதனோடு உரையாடியதும், அறையைவிட்டுச் சற்றே வெளியேறுமாறு அவரைக் கேட்டுக்கொண்டாராம்! வைசன்பாம் மகிழவில்லை, திடுக்கிட்டார். 1976-இல் வெளியிட்ட நூலில் இதனை எச்சரிக்கையாகவே பதிவு செய்தார்.

நம் பழம்புலவர் இந்நிலையை நன்கறிவர். கடலையும் கழியையும் விளித்துத் தலைவி தன் துயர் உரைப்பதைக் 'காமம் மிக்க கழிபடர் கிளவி' எனத் துறையாக வகுத்தனர். திருக்குறளின் 125-ஆம் அதிகாரமே 'நெஞ்சொடு கிளத்தல்'. சொல்வதால் பாரம் சற்றே இறங்கும் என்பது அவர்கள் அறியாததன்று. ஆயினும் கேளாதவற்றிடம் பேசுவதைத் துயர் முதிர்ந்த நிலையாகவே வைத்தனர். அதற்கு முன்பே துணைநிற்கத் தோழி என்பாளைப் படைத்தனர். தோழி கேட்பதோடு அமையாள். தலைவியின் மெலிவு கண்டு தானே வினவுவாள்; தலைவனை இடித்துரைப்பாள்; காலம் வாய்க்கும்போது செவிலிக்கு அறத்தொடு நிற்பாள். எந்தச் செயலி அறத்தொடு நிற்கும்?

செயலி நிலைத்திருக்கும் என்னும் உறுதியும் இல்லை. 2017-இல் தோன்றிப் புகழ்பெற்ற 'வோபாட்' என்னும் உரையாடற் செயலி 2025 ஜூன் 30-ஆம் நாளோடு நிறுத்தப்பட்டது. மறைவாகச் சொன்னது மறைவாகவே இருக்குமா என்பது அதனினும் பெரிய வினா. இணையவழி உளநல ஆலோசனை வழங்கும் 'பெட்டர்ஹெல்ப்' நிறுவனம் பயனாளர் விவரங்களை விளம்பர நோக்கில் பிறரோடு பகிர்ந்தது எனக் குற்றஞ்சாட்டிய அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், 2023-இல் 78 இலட்சம் டாலர் செலுத்துமாறு ஆணையிட்டது.

மொழியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் மாணவன் "மன அழுத்தம்" என்று சொல்வதில்லை. "மனசு சரியில்ல", "நெஞ்ச அடைக்குது", "ஒண்ணும் பிடிக்கல" என்பான். சிலபோது "தலைவலி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வான். ஆங்கிலத்தில் எண்ணி எழுதப்பட்ட செயலிக்கு இத்தலைவலியின் பொருள் விளங்குமா? துயரைச் சொல்லும் வட்டார வழக்குகளை ஊர்தோறும் திரட்டி உளவியல் துறையினர்க்கு வழங்குதல் தமிழ்த்துறை மாணாக்கர்க்கு உரிய நல்ல ஆய்வுப்பணி. எத்தனையோ தலைப்புகளில் திரும்பத் திரும்ப ஆய்வேடு எழுதுகிறோம், இதனையும் எழுதலாமே.

உலக அளவில் 15 முதல் 29 வயது வரையிலானோர் இறப்புக்கான காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடம் பெறுவதை உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கணக்கு காட்டுகின்றது. 100 மாணாக்கர்க்குக் குறையாத கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்துதல் வேண்டும் என உச்சநீதிமன்றம் 2025 ஜூலை 25-இல் வழங்கிய தீர்ப்பில் நெறிவகுத்துள்ளது. நடுவணரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மனஸ்' சேவைக்குச் செயலியும் உண்டு. 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். பேசுவோர் பயிற்சி பெற்ற மனிதர். அவ்வெண்ணை விடுதிச் சுவரில் பெரிதாக எழுதுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒடுங்கிக் கிடந்தால் ஓதிப் பார்ப்பது நம் வழக்கம். அதனோடு மருத்துவரையும் பார்ப்போம். கட்டடத்திற்கு வாரி வழங்கும் கைகள் ஓர் ஆலோசகரின் ஊதியத்திற்கும் வழங்கட்டும். அவருக்குரிய அறையை நூலகத்தை ஒட்டி அமைத்தல் நன்று. அப்பக்கம் செல்லும் மாணவனை யாரும் உற்றுநோக்க மாட்டார்.