தெரிஞ்ச பாட்டைப் போடு!

போன வருசத் திருவிழாக் காலம். ஊர்க் கோயில் ஒன்றில் இரவு இசை நிகழ்ச்சி. மேடையில் நின்றது எங்களுக்குத் தெரிந்த 5 பெடியள். கீபோட், லீட் கிற்றார், பேஸ், ட்ரம்ஸ், பாட்டு. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சினிமாப் பாட்டுகள். சனம் ஆடிச்சு, விசில் அடிச்சுது. பெடியளும் குறை சொல்ல முடியாதளவு நல்லா வாசிச்சாங்கள். ஒன்பதரை போல பாடுறவன் மைக்கைப் பிடிச்சு, "இது எங்கட சொந்தப் பாட்டு, ஒண்டே ஒண்டுதான்" என்று கெஞ்சுற மாதிரிச் சொன்னான். பாட்டுத் தொடங்கி ஒரு நிமிசம் போயிருக்கும். முதல் சரணம் முடிகிற நேரம் பின்னுக்கிருந்து ஒரு குரல்: "டேய், தெரிஞ்ச பாட்டைப் போடுங்கடா!"

சனம் சிரிச்சுது. சபைக்காரர் ஒருவர் மேடைக்குப் பக்கத்தில் போய் கையைக் காட்டினார். பெடியள் இரண்டாவது சரணத்துக்குப் போகாமலே பாட்டை வெட்டிப்போட்டு விஜய் படப் பாட்டுக்குத் தாவினார்கள்.

அந்தக் குரல் யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். எங்களில் ஒருத்தன். இதை எழுத உட்கார்ந்த ஆக்களில் அவனும் இருக்கிறான். ஆகவே இந்தச் சண்டையை எங்களோடேயே தொடங்குகிறோம்.

நாங்கள் லைவ் ஷோ என்றால் விசர் பிடிச்சுத் திரியிற ஆக்கள். ஹெட்போனில் நூறு தரம் கேட்ட பாட்டையும் மேடைக்கு முன்னால் நின்று ஒருக்கா கேட்டால் அது வேறொரு பாட்டு. பேஸ் ட்ரம்மின் அடி காதில் விழ முதல் நெஞ்சாங்கூட்டில் விழும். கிற்றார்க்காரன் ஒரு இடத்தில் பிழைவிட்டு, ட்ரம்மரைப் பார்த்துச் சிரிச்சு, திரும்பி ஏறிவாறதை எந்த யூரியூப் வீடியோவும் தராது. அந்த ருசி கண்டதாலதான் இவ்வளவு கோபமும் வருகிறது. யாழ்ப்பாணத்தில் கேட்கிற சனம் இருக்கு. வாசிக்கிற குழுக்கள் இருக்கு. ஆனால் சொந்தப் பாட்டுக்கு மேடை இல்லை. மறிச்சுக்கொண்டு நிற்கிறவர்கள் கனபேர். நாங்களும் அதில் அடக்கம்.

சனம் இல்லை என்று ஒருத்தரும் சொல்ல ஏலாது. 2023 ஒக்டோபரில் சந்தோஷ் நாராயணன் வந்தபோதும், 2024 பெப்ரவரியில் ஹரிஹரன் வந்தபோதும் முற்றவெளி நிரம்பி வழிந்தது. இரண்டாவது நிகழ்ச்சியில் காசு கட்டி இருந்தவர்களுக்கும் இலவசமாக வந்து நின்றவர்களுக்கும் இடையில் போட்ட தடுப்புகளைச் சனம் உடைத்துக்கொண்டு முன்னுக்குப் போக, எல்லாம் குழம்பியது. உடைச்சது பிழை. கண்ட கண்ட கம்பியில் ஏறினதும் பிழை. நாங்கள் அதுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதுக்குப் பிறகு வந்த அறிவுரைகளைத்தான் தாங்க முடியவில்லை. "யாழ்ப்பாணப் பெடியள் காவாலியள்." "எங்கட பண்பாட்டுக்கு உந்தக் கூத்தெல்லாம் என்னத்துக்கு?" பெரியவர்கள் பேஸ்புக்கில் கிழமைக்கணக்காகக் காய்ச்சினார்கள்.

பண்பாடு என்று சொல்லுகிற ஆக்களிடம் ஒரு கேள்வி. இரவிரவாக மண்ணில் நின்று இசை கேட்கிற பழக்கத்தை எங்களுக்கு யார் பழக்கினது? நீங்கள்தானே! இணுவில், அளவெட்டி என்று நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன ஊர்கள் இருக்கிற இடம் இது. தவில்மேதை தெட்சணாமூர்த்தி வாசிக்கிறார் என்றால் ஊர்விட்டு ஊர் நடந்து போனதாக உங்கட வாயாலதான் கேட்டிருக்கிறோம். மேளச் சமாவில் ஒரு தவில்காரர் தனியாவர்த்தனத்தில் ஏற, மற்றவர் அதுக்குப் பதில் சொல்ல, சுத்தி நின்ற சனம் சத்தம் போட்டது லைவ் ஷோ இல்லாமல் வேறென்ன? விடிய விடிய நடந்த நாட்டுக்கூத்து? வடக்கின் பெரும் போரில் மூன்று நாளும் ஓயாத பப்பரே பாண்ட்? கூட்டமும் கூத்தும் எங்களுக்குப் புதிசில்லை. சனத்தை மதிச்சுத் திட்டம் போடத் தெரியாத ஏற்பாடுதான் புதிசு. அந்தப் பழியைத் தூக்கி 20 வயசுப் பெடியனின் தலையில் கட்டவேண்டாம்.

அடுத்தது, நாங்கள் அடிக்கடி கேட்கிற சாட்டு: "சொந்தப் பாட்டு எடுபடாது. சனத்துக்குச் சினிமாதான் பிடிக்கும்." இதைக் கோயில் சபையும் சொல்லும், கல்யாண வீட்டுக்காரரும் சொல்லுவினம், லண்டனிலிருந்து திருவிழா உபயத்துக்குக் காசு அனுப்புகிறவரும் போனில் சொல்லுவார்.

அப்ப சின்ன மாமியே? அதைப் பாடின நித்தி கனகரத்தினம் எந்தச் சினிமாவுக்குப் பாடினார்? ஏ.ஈ. மனோகரனின் சுராங்கனி எந்தப் படத்திலிருந்து வந்தது? 1970களில் இந்த மண்ணில் பொப் பாட்டு என்று ஒரு அலை அடித்தது. பைலாத் தாளம், எங்கட பேச்சு, எங்கட பகிடி. அதில் சுராங்கனி கடலைத் தாண்டிப் போய், 1977இல் ஒரு தமிழ்ப் படத்துக்குள்ளேயே ஏறியது. அப்பவெல்லாம் சினிமா எங்களிடமிருந்து எடுத்தது. இப்ப நாங்கள் சினிமாவிலிருந்து எடுக்கிறதோட சரி. அம்மம்மாமார் இண்டைக்கும் வாய்க்குள் முணுமுணுக்கிற அந்தப் பாட்டுகள் எல்லாம் முதல்நாள் மேடையில் தெரியாத பாட்டுகள்தான். அண்டைக்கு ஒருத்தன் பின்னுக்கு நின்று "தெரிஞ்ச பாட்டைப் போடு" என்று கத்தி, சனமும் அவனோடு சேர்ந்து சிரிச்சிருந்தால்?

சினிமாப் பாட்டில் எங்களுக்குக் கோபம் இல்லை. ரஹ்மானையும் ராஜாவையும் கேட்காமல் எங்களுக்கு ஒரு நாள் விடியாது. ஆனால் சென்னையில் ஒரு கதாநாயகனுக்காக எழுதப்பட்ட பாட்டுக்குள் எங்கட வாழ்க்கை எப்படி வரும்? 2022இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்றதை யார் பாடுறது? நுண்கடன் கட்ட ஏலாமல் ஒளிச்சுத் திரிகிற அக்காமாரை? பிள்ளையின் படத்தை நெஞ்சில் பிடிச்சுக்கொண்டு வருசக்கணக்காக றோட்டுக்கரையில் இருக்கிற அம்மாமாரை? 2018இல் தென்மராட்சிக் கோயிலொன்றில், ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் வடம் பிடிக்கக் கூடாதென்று மண் வெட்டுகிற மெஷினால் தேர் இழுத்ததாகச் செய்தி வந்ததே, அதை?

அதே 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. கானாவும் ராப்பும் ரொக்கும் கலந்து சாதியைப் பற்றி நேரடியாகப் பாடினார்கள். தமிழ்ச் சினிமாவின் தலைநகரிலேயே சினிமாவுக்கு வெளியில் ஒரு மேடை போட்டு, தெரியாத பாட்டுகளைப் பாடி, சனத்தைப் பிடிச்சுக் காட்டினார்கள். கொழும்பில் ஸ்டிக்மாட்டா என்ற மெட்டல் குழு 1990களின் கடைசியிலிருந்து சொந்தப் பாட்டோடதான் நிற்கிறது. அவர்களுக்கு ஏலும், எங்களுக்கு ஏலாதோ?

இன்னொன்றும் இருக்கு. வீட்டில் "கதைக்கிறம்", பாட்டில் "பேசுறோம்". வீட்டில் "என்ர", பாட்டில் "என்னோட". எங்கட பாடகர்கள் மைக்கைப் பிடிச்சதும் சென்னைக்காரர் ஆகிவிடுகிறார்கள். ராப் பாடுகிற பெடியள் சிலர் இதை உடைச்சிருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு சலாம். மற்றவர்களைக் குற்றம் சொல்லவும் மனமில்லை. வாழ்க்கை முழுக்க வேறொருவரின் பாட்டையே பாடினால் நாக்கும் அப்படித்தான் திரும்பும்.

இனிக் காசுக் கதை. எங்கட சிநேகிதப் பெடியளின் குழு ஒன்றைப் பெரிய நிகழ்ச்சி ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டுப் பாடகர் வந்து சேருமட்டும் சனத்தை வைத்திருக்க 20 நிமிசம் வாசிக்கவேணும். சவுண்ட் செக் இல்லை. மொனிற்றர் ஸ்பீக்கர் அவர்களுக்குப் போடவில்லை. நோட்டீசில் பேர் இல்லை. சம்பளம் என்ன என்று கேட்க, "மேடை தாறம்தானே தம்பி" என்றார்கள். சாமான் ஏத்திப் போன லான்ட்மாஸ்ரர் கூலியும் பெடியளின் கைக்காசு. அதே மேடையில் விமானத்தில் வந்தவருக்கும், லைற் போட்டவருக்கும், கதிரை அடுக்கினவருக்கும் காசு. உள்ளூரில் கிற்றார் பிடிச்சவனுக்கு மட்டும் "சந்தர்ப்பம்". சந்தர்ப்பத்தைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் கிற்றார்க் கம்பி தருவாங்களோ?

சொந்தப் பாட்டு ஏன் வேணும் என்பதுக்கு இதிலும் ஒரு காரணம் இருக்கு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு பாட்டின் உரிமை அதை ஆக்கினவருக்கு. 20 வருசம் மற்றவரின் பாட்டை வாசிச்ச குழுவிடம் கடைசியில் மிஞ்சுவது பழைய அம்ப்ளிஃபையர் மட்டும். ஒரு பாட்டை ஆக்கினவனிடம் ஒரு பாட்டாவது இருக்கும். ஆனால் பாட்டு ஹிட் ஆனால் காசு தன்பாட்டில் வரும் என்றும் நம்பவேண்டாம். 2021இல் உலகமெல்லாம் ஓடின எஞ்சாய் எஞ்சாமியால் தனக்கு ஒரு சதமும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே 2024இல் பகிரங்கமாகச் சொன்னார். அவருக்கே அந்த நிலைமை என்றால், தம்பிமாரே, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் எந்த மேடையிலும் ஏறாதேங்கோ.

இடம் இல்லை என்பதும் ஒரு சாட்டு. வீரசிங்கம் மண்டபம் இருக்கு. கைலாசபதி அரங்கு இருக்கு. இந்தியா கட்டித் தந்த 11 மாடிக் கலாசார மண்டபம் இருக்கு, அதுக்குள் 600 பேர் இருக்கக்கூடிய அரங்கும் இருக்கு. 2025 ஜனவரியில் அதுக்குத் திருவள்ளுவர் பேர் வைத்தபோது ஊர் இரண்டுபட்டுச் சண்டை பிடித்தது. பேருக்குச் சண்டை பிடிச்ச எங்களில் எத்தனை பேர், உள்ளுக்குள் யார் பாடப்போகினம் என்று கேட்டோம்?

செய்தால் நடக்கும். 2011 மார்ச்சில் யாழ்ப்பாண இசை விழா மூன்று நாள் நடந்தது. எங்கட கூத்துக் கலைஞர்களும் தெற்கின் கலைஞர்களும் வெளிநாட்டுக் குழுக்களும் ஒரே திடலில் நின்றார்கள். 2015இல் தொடங்கின யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழாவில் உள்ளூர்க் குறும்படங்களுக்கு ஒரு திரை கிடைச்சுது. எங்கட பெடியள் எடுத்த படத்தைப் போய்ப் பார்க்கத் தெரிந்த எங்களுக்கு, எங்கட பெடியளின் பாட்டைக் கேட்கத் தெரியாதா? வெளியிலிருந்து நிதி வருமட்டும் காத்திருக்கவும் வேண்டாம். அந்த நிதி நிற்கிற அன்றைக்கு விழாவும் நிற்கும்.

மேடையில் பெண்கள் எங்கே என்றும் கேட்கவேணும். ஒரு பாட்டுப் பாட வந்து, பிறகு கதிரையில் இருக்கிற தங்கச்சியைத்தான் காண்கிறோம். ட்ரம்ஸ் பழகிற பெட்டையள் எங்களுக்குத் தெரிய இருக்கினம். மேடைக்கு வராததுக்கு அவர்கள் சொல்லுகிற காரணம் வீட்டுக்காரர் மட்டும் இல்லை. கூட்டத்துக்குள் நீளுகிற கைகளும், கீழிருந்து வாற கொமெண்டுகளும், நிகழ்ச்சி முடிய வீடு போக பஸ் இல்லாததும்தான். முதல் இரண்டும் எங்கட கையில் இருக்கு. பக்கத்தில் நிற்கிற சிநேகிதனைப் பிடிச்சு "வாயை மூடு" என்று சொல்ல நிதி தேவையில்லை.

ஆக, நாங்கள் கேட்கிறது இவ்வளவுதான். கோயில் சபைகளே, ஒரு இரவில் 30 பாட்டு என்றால் 5 பாட்டைக் குழுவுக்கு விடுங்கோ. ஏற்பாட்டாளர்களே, உள்ளூர்க் குழுவுக்குச் சம்பளமும் சவுண்ட் செக்கும் நோட்டீசில் பேரும் தாங்கோ. மண்டபங்களை நடத்துகிறவர்களே, மாதத்தில் ஒரு பின்னேரத்தைக் குறைந்த வாடகைக்குச் சொந்தப் பாட்டுக்கு ஒதுக்குங்கோ. குழுக்களே, நீங்களும் பாட்டை எழுதி முடியுங்கோ, ஒழுங்காகப் பயிற்சி எடுங்கோ. சொந்தப் பாட்டு என்பதுக்காகக் கூடாத பாட்டை நாங்கள் நல்லது என்று சொல்லமாட்டோம். விமர்சனம் எழுதுவோம், உறைப்பாகவே எழுதுவோம்.

எங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. ஒரு கொத்துக்குக் கொடுக்கிற காசைக் கொடுத்து ரிக்கற் வாங்குறது. தெரியாத பாட்டு ஒன்று தொடங்கினால் இரண்டாவது சரணம் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறது.

கத்தினவனையும் கூட்டிக்கொண்டு அந்தப் பெடியள் பயிற்சி எடுக்கிற வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டான். அவர்கள் சிரித்துவிட்டு, அந்தப் பாட்டை முழுக்க வாசித்துக் காட்டினார்கள். பெற்றோல் வரிசையில் ஓட்டோவுக்குள்ளேயே நித்திரை கொண்ட ஒரு அப்பாவைப் பற்றின பாட்டு. இரண்டாவது சரணத்தில் மகன் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு வருகிறான், அப்பா எழும்பவில்லை. எழுப்பினால் நித்திரை குழம்பும் என்று மகனும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் பாட்டு. எங்களில் ஒருத்தரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

பேஸ் வாசிக்கிறவனுக்கு விசா வந்திட்டுது. வாற மாதம் போகிறான். அதுக்கு முதல் ஒருக்கா இந்தப் பாட்டைச் சனத்துக்கு முன்னால் முழுசா வாசிக்கவேணும் என்கிறான். மண்டபம் தேடுகிறோம். ரிக்கற் இலவசம் இல்லை. முன்வரிசையில் நாங்கள் நிற்போம், கத்தினவனும் நிற்பான். நீங்களும் வாங்கோ.