கோப்பை யார் கணக்கில்?

மார்ச் வந்துவிட்டால் அமெரிக்காவில் ஒரு சண்டை தவறாமல் கிளம்பும். கல்லூரிக் கூடைப்பந்தில் எந்த கான்ஃபரன்ஸ் பெரியது? கான்ஃபரன்ஸ் என்பது கல்லூரிகள் கூடி நடத்தும் லீக். சீசனின் பெரும்பகுதியை அதற்குள் ஆடிவிட்டு, தேர்வாகும் 68 அணிகள் என்.சி.ஏ.ஏ. நாக்-அவுட் போட்டியில் மோதுகின்றன.

முதலில் அடி வாங்கி வந்தது பிக் டென் லீக். 2000இல் மிச்சிகன் ஸ்டேட் வென்ற பிறகு 2025 வரை அந்த லீகுக்கு ஆண்கள் கோப்பையே இல்லை. கேலிக்கு அது போதுமாயிருந்தது. ஆனால் அதே காலத்தில் அதன் அணிகள் எட்டு முறை இறுதியாட்டம் வரை வந்து தோற்றன. சோப்ளாங்கி லீகுக்கு அது சாத்தியமா?

கணக்கே குழப்பம்தான். 2002இல் வென்ற மேரிலாந்து அப்போது ஏ.சி.சி. லீகில் இருந்தது, 2014இல் பிக் டென்னுக்குத் தாவியது. 2024இல் யு.சி.எல்.ஏ.வும் வந்து சேர்ந்தது, 11 கோப்பைகளோடு. அவற்றில் பத்து, 1964 முதல் 1975 வரை ஜான் வுடன் என்ற ஒரே பயிற்சியாளர் வென்றவை. அந்தப் பெருமையை யு.சி.எல்.ஏ. முன்பு இருந்த பசிபிக் லீகின் பெயரில் எழுதுவதே கொஞ்சம் தாராளம். தொலைக்காட்சிப் பணத்துக்காக இடம் மாறியதால் பிக் டென் பெயரில் எழுதுவது அநியாயம்.

2011ஐப் பாருங்கள். பிக் ஈஸ்ட் லீகிலிருந்து 11 அணிகள் தேர்வாயின. அன்றைக்கு அது சாதனை. தேசியப் போட்டியின் முதல் வாரம் முடிந்தபோது மிஞ்சியவை இரண்டே. அதில் ஒன்று கனெக்டிகட். சொந்த லீகில் ஒன்பது வெற்றி, ஒன்பது தோல்வி என்று தடுமாறிய அணி. கெம்பா வாக்கர் என்ற வீரரின் தோளில் ஏறி, லீகின் நாக்-அவுட் போட்டியில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்றது. பிறகு தேசியப் போட்டியில் ஆறையும் வென்றது. கோப்பையை மட்டும் எண்ணினால் பிக் ஈஸ்டுக்கு அது பொன்னான ஆண்டு. வீட்டுக்குத் திரும்பிய ஒன்பது அணிகளைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

2025 இறுதியாட்டத்தின் கடைசி நொடிகளில் ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக்காக எம்பினார். ஃபுளோரிடாவின் வால்டர் கிளேட்டன் பாய்ந்து வந்து மறித்ததும் பந்தைக் கீழே விட்டார். மறுபடி தொட்டால் டிராவலிங் என்ற விதிமீறல். பந்து தரையில் துள்ள, அவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. 65-63, ஃபுளோரிடா சாம்பியன், கோப்பை அதன் லீகான எஸ்.இ.சி. கணக்கில்.

அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் எஸ்.இ.சி. மட்டமாகிவிடுமா? அந்த ஆண்டு அதன் 14 அணிகள் தேர்வாயின. கடைசி 16இல் ஏழு அதனுடையவை. பிக் டென்னுக்கும் பிக் 12க்கும் தலா நான்கு, ஏ.சி.சி.க்கு டியூக் மட்டும். லீகின் பலத்தை அளக்க இரண்டாம் வாரத்துப் பட்டியல் போதும். கோப்பை ஃபுளோரிடாவுடையது.